தங்கையின் பிளேட்லெட்டை இப்போதே எடுத்து உறைய வைக்கலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 29 வயது. ஏஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய். முதல் சுற்று கீமோ முடிந்து நோய் அடங்கியிருக்கிறது. பிளேட்லெட் கவுன்ட் இப்போது இரண்டரை லட்சம். ஆனால் அந்த முதல் மாதத்தில் டோனர் தேடி நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. நானே இரண்டு முறை கொடுத்தேன். கடைசி வாரத்தில் பை பையாக ஏற்றியும் கவுன்ட் ஏறவே இல்லை. இன்னும் மூன்று சுற்று பாக்கி. ஸ்டெம் செல்லை உறைய வைக்கிறார்கள், கருமுட்டையை உறைய வைக்கிறார்கள். நன்றாக இருக்கும் இப்போதே அவளுடைய பிளேட்லெட்டை எடுத்து உறைய வைத்து, கவுன்ட் விழும்போது அவளுக்கே ஏற்ற முடியாதா?

பதில்:

முடியும். செய்தும் இருக்கிறார்கள், அதுவும் உங்கள் தங்கையைப் போன்ற லுக்கீமியா நோயாளிகளுக்கே. நீங்கள் கேட்டது விவரம் தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை. 1970-களில் அமெரிக்காவில் சில மருத்துவர்கள் இதே கேள்வியைக் கேட்டு, பதிலையும் கண்டுபிடித்தார்கள். அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு. "பை பையாக ஏற்றியும் கவுன்ட் ஏறவே இல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உறைய வைப்பது உங்கள் தங்கைக்குத் தேவையா இல்லையா என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ரத்த வங்கியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த வரிக்கு வந்து சேரும்படி கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஸ்டெம் செல் விஷயம். விதைநெல்லைக் குதிரில் போட்டு வைக்கலாம். பத்துக்கு நான்கு முளைக்காமல் போனாலும் மிச்சம் உள்ளது வயலை நிரப்பிவிடும். மல்லிகைப் பூவை அப்படி வைக்க முடியாது. ஸ்டெம் செல் விதை மாதிரி. உறைந்து உருகும்போது ஒரு பங்கு செத்தாலும், பிழைத்தவை மஜ்ஜைக்குப் போய்ப் பெருகிக்கொள்ளும். பிளேட்லெட் பூ மாதிரி. அது முழுமையான செல்கூடக் கிடையாது. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற ஒரு பெரிய செல் இருக்கிறது, அதிலிருந்து உதிரும் துணுக்குதான் பிளேட்லெட். உட்கரு இல்லை, பிரிந்து பெருகாது. உடம்புக்குள் இருந்தாலே ஆயுள் ஏழிலிருந்து பத்து நாள். உறைய வைக்கும்போது எத்தனை போகிறதோ அத்தனையும் நிரந்தர நஷ்டம்.

உறைய வைப்பது இருக்கட்டும், பிளேட்லெட்டுக்குச் சாதாரணக் குளிரே ஆகாது. சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரியில் ஐந்து ஆறு வாரம் வைக்கலாம். பிளாஸ்மாவை உறைய வைத்து ஒரு வருடம் வைக்கலாம். பிளேட்லெட்டை மட்டும் 20 முதல் 24 டிகிரியில், ஏசி அறையின் வெப்பத்தில், ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். ரத்த வங்கிக்குப் போனபோது பார்த்திருப்பீர்கள், கண்ணாடிக் கதவுக்குள் தட்டுகள் இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டே இருக்கும். பை ஒரே இடத்தில் கிடந்தால் உள்ளே ஆக்சிஜன் சரியாகப் பரவாது, அமிலம் சேரும், பிளேட்லெட் செத்துவிடும். ஆயுள் ஐந்து நாள். எடுத்த நாளும் பரிசோதனைக்கு ஆகும் நேரமும் போக, கைக்கு வரும்போது மூன்றரை நாள் மிச்சம் இருந்தால் பெரிய விஷயம். அந்த வெப்பத்தில் பாக்டீரியா வளரும் என்பதுதான் ஐந்து நாளோடு நிறுத்தியதற்கு முக்கியக் காரணம். அமெரிக்காவில் 1984-ல் ஏழு நாள் வரை வைக்கலாம் என்று அனுமதித்து, கிருமித் தொற்றுக்குப் பயந்து 1986-ல் மறுபடி ஐந்துக்கே இறக்கினார்கள். இப்போது பாக்டீரியா பரிசோதனையோடு சேர்த்துச் சில நாடுகளில் ஏழு நாள் வைக்கிறார்கள்.

ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன ஆகும்? 1969-ல் ஸ்காட் மர்பி, ஃபிராங்க் கார்ட்னர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதை அளந்து காட்டினார்கள். குளிரில் வைத்த பிளேட்லெட் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே ரத்த ஓட்டத்திலிருந்து காணாமல் போகிறது, அறை வெப்பத்தில் வைத்தது நாள்கணக்கில் ஓடுகிறது. ஏன் என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. தட்டு வடிவில் இருக்கும் பிளேட்லெட் குளிர் பட்டதும் உருண்டையாகி முள் முள்ளாக நீட்டிக்கொள்ளும். மேல்தோலில் இருக்கும் புரதங்கள் ஓரிடத்தில் குவியும், அவற்றின் நுனியில் இருக்கும் சர்க்கரை உதிரும். கல்லீரல் அதைக் கிழடுதட்டிய பிளேட்லெட் என்று நினைத்து விழுங்கிவிடும்.

இதை ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. வெகு நாளைக்கு முன்னால் ஒரு மருத்துவமனையில், நாங்கள் கொடுத்தனுப்பிய எஸ்டிபி பையை, அதாவது ஒரே டோனரிடமிருந்து மெஷினில் எடுத்த பிளேட்லெட் பையை, வார்டில் "அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்" என்று ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தது. அந்தப் பைக்காக ஒரு பையன் கல்லூரியை விட்டு வந்து ஒன்றரை மணி நேரம் மெஷினில் படுத்திருந்தான். மறுநாள் காலை அதைத் திருப்பி அனுப்பினார்கள், கொட்டத்தான் முடிந்தது. அதனால் பை வந்தவுடன் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றுவதற்கு ஊசி போட்ட லைன் தயாரான பிறகுதான் ரத்த வங்கியிலிருந்து பையை வாங்கவே வேண்டும்.

சரி, உறைய வைப்பதற்கு வருவோம். தண்ணீர் பனிக்கட்டி ஆகும்போது செல்லுக்கு இரண்டு பக்கமும் அடி. வெளியே பனி கட்டினால் மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறி, செல் வற்றிப்போகும். உள்ளேயே கட்டினால் கிழிந்துவிடும். இதற்கு ஒரு காப்பு வேண்டும். 1949-ல் லண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரால் கலந்தால் விந்தணு உறைந்தும் பிழைக்கிறது என்று கண்டார்கள். 1959-ல் லவ்லாக்கும் பிஷப்பும் டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தைக் காட்டினார்கள். இது செல்லுக்குள் சுலபமாகப் புகுந்து, பனி கட்டுவதைத் தடுத்து மெத்தை போலத் தாங்கும். இன்றைக்கு ஸ்டெம் செல் உறைய வைப்பதும் இதே டிஎம்எஸ்ஓவில்தான். 1960-களின் தொடக்கத்திலேயே ஐசக் ஜெராசி இதைப் பிளேட்லெட்டில் முயன்று பார்த்துவிட்டார்.

ஏன் அத்தனை அவசரம் என்று தெரிய வேண்டுமானால் அந்தக் காலத்து லுக்கீமியா வார்டை நினைத்துப் பார்க்க வேண்டும். 1950-களில் அந்தக் குழந்தைகளில் நிறையப் பேரைக் கொன்றது புற்று செல் நேரடியாக அல்ல, ரத்தப்போக்கு. மூக்கிலும் ஈறிலும் மூளையிலும் ரத்தம் கசிந்து போனார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃபிரைராய்க் என்ற மருத்துவர், புத்தம் புது ரத்தத்திலிருந்து பிளேட்லெட் ஏற்றினால் ரத்தம் நிற்கிறது என்று பிடிவாதமாக நிரூபித்தார். 1962-ல் அவரும் கெய்டோஸ், மான்டல் இருவரும் சேர்ந்து, கவுன்ட் எவ்வளவு விழுந்தால் ரத்தப்போக்கு எவ்வளவு கூடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 20,000-க்குக் கீழே போனால் ஏற்று என்ற பழைய பழக்கம் அந்தக் காலத்தில் வேர்விட்டதுதான். 1997-ல் இத்தாலியில் ரெபுல்லா குழு செய்த ஆய்வுக்குப் பிறகு அது 10,000 ஆனது. உங்கள் தங்கைக்கும் 10,000 என்ற எண்ணைத்தான் சொல்லியிருப்பார்கள். காய்ச்சல் இருந்தால், ரத்தம் கசிந்தால், ஏதாவது ஊசி சோதனை செய்வதாக இருந்தால் இந்த அளவை மேலே வைப்பார்கள்.

ஒரே டோனரிடமிருந்து பிளேட்லெட்டை மட்டும் பிரித்து, மிச்ச ரத்தத்தைத் திரும்ப உடம்புக்கே விடும் மெஷினுக்குப் பின்னாலும் ஃபிரைராய்க் இருக்கிறார். ஜார்ஜ் ஜட்சன் என்ற ஐபிஎம் பொறியாளரின் மகனுக்கு லுக்கீமியா. அந்தத் தகப்பன் மருத்துவமனைக்கு வந்து, ஃபிரைராய்க்கோடு உட்கார்ந்து, செல் பிரிக்கும் இயந்திரத்தை வடிவமைத்தார். நீங்கள் இரண்டு முறை படுத்திருந்த மெஷினுக்கு அது கொள்ளுத்தாத்தா. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் இளகும். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் உடன்பிறந்தவரும் பெற்றவரும் கேட்கும் கேள்விகளிலிருந்துதான் இந்தத் துறை பாதி வளர்ந்திருக்கிறது. உங்கள் கேள்வியையும் அந்த வரிசையில்தான் வைக்கிறேன்.

பிளேட்லெட் ஏற்றுவது பரவலானதும் அடுத்த சிக்கல் முளைத்தது. பல பேருடைய ரத்தம் ஏறிய நோயாளியின் உடம்பு, அந்நியப் பிளேட்லெட்டின் மேல் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும் ஹெச்எல்ஏ என்ற அடையாளத்துக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனை பை ஏற்றினாலும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் அழிந்துவிடும். பால்டிமோர் நகரத்தில் சார்லஸ் ஷிஃபர், ஜோசப் ஐஸ்னர், பீட்டர் வீர்னிக் மூவரும் இந்த நோயாளிகளுக்காகத்தான் யோசித்தார்கள். யாருடைய பிளேட்லெட்டையும் ஏற்காத உடம்பு தன்னுடையதை ஏற்கும் அல்லவா? நோய் அடங்கி, கவுன்ட் நன்றாக இருக்கும் நாட்களில் நோயாளியிடமிருந்தே மெஷினில் எடுத்தார்கள். 5 சதவீத டிஎம்எஸ்ஓ கலந்து, திரவ நைட்ரஜன் ஆவியில் மைனஸ் 120 டிகிரியில் வைத்தார்கள். நோய் திரும்பியபோதோ, அடுத்த கீமோவில் கவுன்ட் விழுந்தபோதோ, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் உருக்கி ஏற்றினார்கள். கவுன்ட் ஏறியது, ரத்தக் கசிவு நின்றது. வேறு வழியே இல்லாதவர்களைக் கீமோவின் மோசமான நாட்களில் இது தாங்கிப்பிடித்தது. 1978-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இதை வெளியிட்டார்கள்.

இத்தனை நல்ல விஷயம் ஏன் ஊர் ஊராகப் பரவவில்லை? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மெஷினில் ஒருமுறை எடுத்தால் ஒரு முழு டோஸ் கிடைக்கும், கவுன்ட் மிக நன்றாக இருந்தால் சில சமயம் இரண்டு. டிஎம்எஸ்ஓ கலப்பதிலும் உறைவதிலும் உருகுவதிலும் ஒரு பகுதி போய்விடும். மிச்சத்தை ஏற்றினாலும், புதுப் பிளேட்லெட் ஓடும் அளவில் ஏறத்தாழ பாதிதான் ரத்தத்தில் தங்கும். ஆக ஒருமுறை படுத்தால் அரை டோஸ் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஎம்எல் கீமோவில் கவுன்ட் தரைதட்டிக் கிடப்பது இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம். அந்த நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பை. ஒரே ஒரு சுற்றைச் சமாளிக்கவே அவள் பல முறை மெஷினில் படுக்க வேண்டிவரும். கீமோ முடிந்து இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கும் பெண். இரண்டு சுற்றுக்கு நடுவே கிடைப்பதோ சில வாரம். இந்தக் கணக்கை வைத்துத்தான், டோனர் தேடும் சிரமத்துக்கு மாற்றாக உறைய வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. மற்றவர் பிளேட்லெட் பலிக்காதவருக்கு அந்த அரை டோஸ் தங்கம். பலிக்கிற ஒருவருக்கு, புதிதாக வரும் ஒரு பை அதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு பயமும் உண்டு. நோய் அடங்கியது என்றால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இல்லை என்று பொருள். எடுக்கும் பையில் ஒன்றிரண்டு லுக்கீமியா செல் கலந்திருந்தால் அதையும் சேர்த்து உறைய வைத்துத் திருப்பி ஏற்றுகிறோம். அதனால் நோய் நன்றாக அடங்கியது உறுதியான பிறகுதான் எடுப்பார்கள்.

உறைந்த பிளேட்லெட் இன்றைக்கு எங்கே புழங்குகிறது என்று பார்த்தால் அதன் குணம் இன்னும் தெளிவாகப் புரியும். அமெரிக்கக் கடற்படைக்காக பாஸ்டனில் ராபர்ட் வலேரி 1970-களிலிருந்து உழைத்தார். 6 சதவீத டிஎம்எஸ்ஓவும், மைனஸ் 80 டிகிரி ஃபிரீசரும் போதும், நைட்ரஜன் தொட்டி தேவையில்லை என்று ஒரு எளிய முறையைக் கொடுத்தார். பின்னால் டிஎம்எஸ்ஓவை உறைய வைப்பதற்கு முன்பே பிழிந்து எடுத்துவிடும்படி அதைத் திருத்தினார்கள். நெதர்லாந்து ராணுவம் இந்த முறையில் உறைய வைத்த பிளேட்லெட்டை ஆப்கானிஸ்தானில் பயன்படுத்தியது. போர்முனையில் டோனரைத் தேட முடியாது. ஃபிரீசரில் இரண்டு வருடம் வைத்து, வேண்டும்போது உருக்கி, சில மணி நேரத்துக்குள் ஏற்றிவிட்டால் சரி. ஆஸ்திரேலியாவில் இதய அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இவர்களுக்கு ஏன் பொருந்துகிறது? உறைந்து உருகிய பிளேட்லெட் சும்மா இருக்காது. அதன் தோலின் உள்பக்கம் இருக்க வேண்டிய கொழுப்பு வெளியே திரும்பியிருக்கும், துணுக்குகளாகச் சிதறியும் இருக்கும். ரத்தத்தைக் கட்டி நிறுத்தும் வேலையை உடனே, வேகமாகச் செய்யும். செய்துவிட்டுச் சீக்கிரமே மறைந்துவிடும். குண்டடி பட்டு ரத்தம் கொட்டுகிறவனுக்கு அதுதான் வேண்டும். கீமோ நோயாளிக்கு வேண்டியது வேறு. பெரும்பாலான நாட்களில் அவளுக்கு ரத்தம் கொட்டவில்லை, கொட்டிவிடக் கூடாது என்று காவல் போடுகிறோம். காவல்காரன் மூன்று நான்கு நாள் நின்றால்தான் பிரயோஜனம். அமெரிக்கா 2023-ல் ஃபிரிட்ஜில் 14 நாள் வரை வைத்த பிளேட்லெட்டுக்கு வழிகாட்டுதல் கொடுத்ததும் இதே கணக்கில்தான். ரத்தப்போக்கு நடந்துகொண்டிருப்பவருக்கு, வழக்கமான பிளேட்லெட் கிடைக்காதபோது மட்டும். ரத்தப் புற்றுநோயாளிகளிடமே, கவுன்ட் குறைந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தவர்களுக்கு உறைந்த பிளேட்லெட்டை ஏற்றிப் பார்த்த சிறிய ஆய்வு ஒன்று 2018-ல் ஷெரில் ஸ்லிக்டர் குழுவிடமிருந்து வந்தது. பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை. அதுவும் ரத்தம் கசிந்தபோதுதான், காவலுக்கு அல்ல.

இனி உங்கள் தங்கை. ஏற்றியும் ஏறவில்லை என்றீர்களே, ஏற்றி எத்தனை மணி நேரம் கழித்துப் பார்த்த கவுன்ட் அது? பெரும்பாலும் மறுநாள் காலை வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையாக இருக்கும். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. பை முடிந்து பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கவுன்ட் எடுக்க வேண்டும். ஒரு எஸ்டிபி ஏறினால் முப்பதாயிரத்தை ஒட்டி ஏற வேண்டும். ஒரு மணி நேரத்தில் நன்றாக ஏறி, மறுநாள் காலைக்குள் இறங்கிவிட்டது என்றால், உடம்பு அதைச் செலவழிக்கிறது. காய்ச்சல், ரத்தத்தில் கிருமி, எங்கோ கசிவு, சில மருந்துகள் என்று காரணங்கள் உண்டு. கீமோவின் கடைசி வாரத்தில் காய்ச்சல் அடிக்காத ஏஎம்எல் நோயாளி அபூர்வம். ஏறாதவர்களில் பெரும்பாலானோர் இந்த வகைதான். இவர்களுக்குத் தன்னுடைய பிளேட்லெட்டை உறைய வைத்து ஏற்றினாலும் அதுவும் கரைந்துதான் போகும். காய்ச்சலுக்கும் கிருமிக்கும் வைத்தியம் பார்த்தால் கவுன்ட் தானாக நிற்கத் தொடங்கும்.

ஒரு மணி நேரக் கவுன்ட்டே அசையவில்லை, ஐயாயிரம்கூட ஏறவில்லை, அதுவும் புதிதாக எடுத்த, அதே ரத்த வகைப் பைகளில் இரண்டு முறை தொடர்ந்து அப்படி என்றால், அப்போது ஆன்டிபாடியைச் சந்தேகிக்க வேண்டும். மண்ணீரல் வீங்கியிருந்தாலும் இப்படி ஆகலாம், அதையும் பார்ப்பார்கள். உங்கள் தங்கைக்குக் குழந்தை உண்டா, கர்ப்பம் தரித்ததுண்டா என்று நீங்கள் எழுதவில்லை. கர்ப்பத்தின்போது குழந்தையின் ஹெச்எல்ஏ அடையாளம் தாயின் ரத்தத்தில் கலந்து ஆன்டிபாடி வந்திருக்கலாம். மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அவளுக்கு ஏற்றியதெல்லாம் வெள்ளையணு வடிகட்டிய பைகளா என்று கேட்டுப் பாருங்கள். ஆன்டிபாடியைத் தூண்டுவது பெரும்பாலும் பையில் கலந்து வரும் வெள்ளையணு. 1997-ல் வெளியான டிராப் என்ற பெரிய அமெரிக்க ஆய்வு, ஏஎம்எல் நோயாளிகளிடமே நடந்தது. சாதாரணப் பை ஏற்றியவர்களில் 45 சதவீதம் பேருக்கு ஹெச்எல்ஏ ஆன்டிபாடி வந்தது. வடிகட்டியோ, புற ஊதா ஒளி காட்டியோ ஏற்றியவர்களில் அது 17-லிருந்து 21 சதவீதமாக இறங்கியது. பால்டிமோர் முறைக்கான தேவை வெகுவாகக் குறைந்துபோனதற்கு ஒரு பெரிய காரணம் இந்த வடிகட்டிதான். சிவப்பணுப் பைக்கும் இது பொருந்தும். பிளேட்லெட்டை வடிகட்டிவிட்டு, சிவப்பணுவை அப்படியே ஏற்றினால் பாதுகாப்பில் பாதி போச்சு.

அடுத்து உங்களிடம் ஒரு விஷயம். தம்பி, நீங்கள் இரண்டு முறை கொடுத்தது பெரிய மனசு. ஆனால் மறுபடி கொடுப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். தங்கைக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பற்றி மருத்துவர்கள் யோசிக்கிறார்களா? யோசித்தால், முதலில் பொருத்தம் பார்ப்பது உடன்பிறந்தவரைத்தான், முழுப் பொருத்தத்துக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உங்கள் ரத்தத்தை இப்போதே அவள் உடம்புக்குப் பழக்கிவிட்டால், நாளைக்கு உங்கள் ஸ்டெம் செல்லை அது எதிர்க்கக்கூடும். அதனால் மாற்று சிகிச்சை முடிவாகும்வரை சொந்தக்காரர்கள் யாரும் கொடுக்காமல் இருப்பது நல்லது. இரண்டாவது கேள்வி, சொந்தத்தில் எடுத்த பைக்குக் கதிர்வீச்சு காட்டினார்களா என்பது. நெருங்கிய சொந்தத்தின் வெள்ளையணு நோயாளியின் உடம்பில் வேர்விட்டு, அவளையே தாக்கும் ஆபத்து உண்டு. அபூர்வம்தான், வந்தால் பிழைப்பது கடினம். 25 கிரே கதிர்வீச்சு அதைத் தடுக்கும். ஆன்டிபாடி இருப்பது உறுதியாகி, வேறு யாருடையதும் பலிக்காமல் போனால், பொருந்துகிற அண்ணனின் பிளேட்லெட்டுக்குத் தேவை வரலாம். அந்த முடிவை மருத்துவர்கள் எடுக்கட்டும்.

டோனர் சிக்கலுக்கு நான் பார்த்தவரை பலித்த வழி, கவுன்ட் விழுவதற்கு முன்னாலேயே ஒரு நோட்டில் பத்துப் பன்னிரண்டு பேரை எழுதி வைப்பதுதான். வெளி ஆட்களாக, நண்பர்கள், கூட வேலை பார்ப்பவர்கள். எல்லோருக்கும் முன்கூட்டியே ரத்த வகை, கவுன்ட், கை நரம்பு மூன்றையும் ரத்த வங்கியில் பார்த்துவிடுங்கள். ஒன்றரை லட்சத்துக்குக் கீழே கவுன்ட் உள்ளவர், மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டவர், நரம்பு மெலிந்தவர் எல்லாம் அங்கே போன பிறகு திரும்பி வந்தால் உங்களுக்கு ஒரு நாள் போய்விடும். கீமோ ஆரம்பிக்கும் தேதியிலிருந்து ஏழாவது, எட்டாவது நாள் வாக்கில் முதல் ஆள் தேவைப்படலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, இரண்டு நாளுக்கு ஒருவர் என்று பெயர் போடுங்கள். ஒரே ஆளை மறுபடி கூப்பிட 48 மணி நேரம் இடைவெளி வேண்டும், வாரத்துக்கு இரண்டு, வருடத்துக்கு 24 முறைக்கு மேல் கூடாது. எஸ்டிபி செலவு பத்தாயிரம் ரூபாயைச் சுற்றி வரும். கிடைக்காத நாளில் நான்கைந்து ஆர்டிபி பைகளை, அதாவது சாதாரண ரத்த தானத்திலிருந்து பிரித்த பிளேட்லெட் பைகளை, சேர்த்து ஏற்றலாம். அது தரத்தில் மட்டம் என்று பயப்பட வேண்டாம், ஒரே தடவையில் பல பேருடைய ரத்தம் ஏறுகிறது என்பதுதான் அதன் குறை.

பப்பாளி இலைச் சாறு பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள், டெங்குவுக்குக் கொடுப்பதைப் பார்த்து. வேண்டாம். மஜ்ஜையே நின்றிருக்கும் நாட்களில் அதனால் கவுன்ட் வராது. வெள்ளையணு இல்லாத உடம்புக்குள் பச்சைச் சாறு போனால் கிருமிதான் போகும். மாதவிடாய் நாட்கள் கவுன்ட் விழும் நாட்களோடு சேர்ந்து வந்தால் ரத்தப்போக்கு நிற்காது. அதைத் தள்ளிப்போட மாத்திரை உண்டு, இதைக் கேட்கப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள், நீங்களோ அம்மாவோ கேட்டுவிடுங்கள். வலிக்கு ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதையும் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். இவற்றால் கவுன்ட் குறைவதில்லை, இருக்கிற கொஞ்சப் பிளேட்லெட்டும் வேலை செய்யாமல் போகும்.

கடைசியாக, உறைய வைப்பது எப்போது நியாயம் என்று கேட்டால், ஹெச்எல்ஏ ஆன்டிபாடி இருப்பது பரிசோதனையில் தெரிந்து, அது பலருடைய பிளேட்லெட்டையும் எதிர்ப்பதாக இருந்து, பொருத்தமான டோனரோ, அவள் ரத்தத்தோடு சேர்த்துச் சோதித்துக் குறுக்குப் பொருத்தம் பார்த்த பையோ கிடைக்காது என்று ஆகும்போது. நம் ஊர் ரத்த வங்கிகளில் இது வழக்கத்தில் இல்லை. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்யும் பெரிய மையங்களில் டிஎம்எஸ்ஓ, ஆழ்குளிர் ஃபிரீசர், உறைய வைத்துப் பழகிய கைகள் மூன்றும் இருக்கின்றன. அங்கே விசாரிக்கலாம். பிளேட்லெட்டுக்குத் தனி முறையும் அனுமதியும் வேண்டும் என்பதால், "ஸ்டெம் செல் வைக்கிறீர்களே, இதையும் வையுங்கள்" என்று கேட்டால் உடனே தலையாட்ட மாட்டார்கள். ஏற்றும்போது டிஎம்எஸ்ஓவால் குமட்டல் வரும், உடம்பு சிவக்கும், ஒரு நாள் மூச்சில் பூண்டு வாடை மாதிரி அடிக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

எடுப்பதாக இருந்தால் அதற்கு ஏற்ற நேரம் இதுதான். கீமோவிலிருந்து மஜ்ஜை எழும்பும்போது கவுன்ட் சாதாரணத்தைவிடவும் மேலே போகும், பிறகு இறங்கும். அடுத்த சுற்று தொடங்கினால் அதுவும் இல்லை. அதனால் வரும் ஓபி நாளுக்குக் காத்திருக்காமல், ஹெச்எல்ஏ ஆன்டிபாடி பரிசோதனைக்கு ரத்தம் இந்த வாரமே போகட்டும். கூடவே அவளுக்கு ஹெச்எல்ஏ வகைப்படுத்தலும் செய்துவிடச் சொல்லுங்கள், மாற்று சிகிச்சைக்கும் அது வேண்டியதுதான். முதல் மாதத்து ஃபைலில் ஒவ்வொரு பையும் எப்போது ஏறியது, அடுத்த கவுன்ட் எப்போது எடுத்தது, அன்றைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார்.